பிரான்மலைக்கு ஐப்பசியில் 34 பிள்ளைகள்: கூட்டத்தைப் பிரிக்கலாமா?

தேவகோட்டை டீச்சர் | அக்டோபர் 6, இரவு 9:12

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேர். பெண்பிள்ளைகள் 19, பையன்கள் 15. பெரியவங்க என்னையும் சேர்த்து நாலு பேர். மாசக் கடைசி சனிக்கிழமை சிங்கம்புணரி பக்கம் பிரான்மலை ஏறப் போறோம். எங்க பி.டி. சார் சொல்றார், வேகமா ஏறுறவங்களை அவர் முன்னாடி கூட்டிட்டுப் போயிடுவாராம், மெதுவா வர்றவங்களோட நான் பின்னாடி வரணுமாம், உச்சியில் சந்திச்சுக்கலாமாம். இது சரியா வருமா? மழை வந்தா என்ன செய்ய?

கோவிலூரான் | அக்டோபர் 6, இரவு 9:50

பிரிக்காதீங்க டீச்சர். நாலு பெரியவங்களை வச்சுக்கிட்டு ரெண்டு கூட்டம் நடத்தவே முடியாது.

கணக்கு இதுதான். ஒரு பிள்ளைக்குக் கால் பிசகுதுன்னு வைங்க. ஒரு பெரியவர் அந்தப் பிள்ளை பக்கத்திலேயே இருக்கணும். இன்னொருத்தர் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கோ அடிவாரத்துக்கோ போகணும். மிச்சப் பிள்ளைகளை ஒருத்தர் பார்த்துக்கணும். ஆக ஒரு கூட்டத்துக்குக் குறைஞ்சது மூணு பேர். ரெண்டு கூட்டம்னா ஆறு. உங்க கையில் நாலுதான் இருக்கு. பிரிச்ச நிமிஷமே ரெண்டு பக்கமும் ஆள் பற்றாக்குறை.

கோவிலூரான் | அக்டோபர் 6, இரவு 10:05

இன்னொண்ணு. "உச்சியில் சந்திக்கலாம்"னு பிரிஞ்ச கூட்டம் உச்சியில்தான் சந்திக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. முன்னாடி போன 17 பேர் மேல மழையில் நிப்பாங்க. பின்னாடி வர்றவங்க பாதி வழியில் திரும்பியிருப்பாங்க. முன்னாடி போனவங்களுக்கு அது தெரியாது. மலையில் பிள்ளைகள் தொலையுறதுக்கு இதைவிட நேரான வழி வேற கிடையாது.

செக்காலைத் தம்பி | அக்டோபர் 7, காலை 7:20

அண்ணே, நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கு. வேகமா ஏறுற பையனை ஆமை நடை நடக்கச் சொன்னா அவன் சும்மா வரமாட்டான். பாறை மேல தாவுவான், கல்லை உருட்டுவான். அவனைத் தனியா விடுறதே நல்லதுன்னு பி.டி. சார் நினைக்கிறதில் தப்பு இல்லை.

கோவிலூரான் | அக்டோபர் 7, காலை 8:02

அவனுக்கு வேலை கொடு தம்பி. தார்ப்பாய், கூடுதல் தண்ணி அஞ்சு லிட்டர், எல்லாம் அவன் முதுகில். அஞ்சு கிலோவுக்கு மேல ஏத்தினா நடை தானா அடங்கும். மெதுவா வர்ற பிள்ளையோட பை கிட்டத்தட்ட காலியா இருக்கணும், தண்ணி மட்டும் போதும்.

வரிசை இப்படி: முதல் ஆள் வழி தெரிந்த பெரியவர். அவருக்கு ஒட்டினாப்பல ரெண்டாவது இடத்தில் கூட்டத்திலேயே மெதுவான பிள்ளை. அந்தப் பிள்ளையால் பேசிக்கிட்டே நடக்க முடியுதா, அதுதான் வேகம். மூச்சு வாங்கி பேச்சு நின்னா வேகம் கூடிடுச்சுன்னு அர்த்தம். மெதுவான பிள்ளையைக் கடைசியில் விட்டா அது நாள் முழுக்க ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

கடைசி ஆள் இன்னொரு பெரியவர். அவருக்குப் பின்னாடி ஒரு பிள்ளைகூட இருக்கக் கூடாது, செருப்பு அறுந்தவனோ ஒதுங்கப் போனவனோ யாராயிருந்தாலும் சரி. முதலுதவிப் பை அவர்கிட்ட. அடிபட்ட பிள்ளை எப்பவும் பின்னாடிதான் தங்கும். பை முன்னாடி இருந்தா ஒருத்தர் மேல ஓடி, வாங்கிக்கிட்டு, திரும்ப இறங்கணும்.

பள்ளத்தூர் ஆச்சி | அக்டோபர் 7, காலை 11:15

ஓய்வைப் பத்தி யாரும் சொல்லலையே. முன்னாடி வர்றவங்க உட்கார்ந்து, தண்ணி குடிச்சு, சிரிச்சுப் பேசி முடிக்கிற நேரத்தில்தான் கடைசிப் பிள்ளை வந்து சேரும். "வந்துட்டாளா, கிளம்புங்க"ம்பாங்க. ஓய்வு தேவைப்பட்டவளுக்கு ஓய்வே இல்லை, தேவைப்படாதவனுக்குப் பத்து நிமிஷம். ஓய்வு நேரம் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் தொடங்கணும். அதிலிருந்து அஞ்சு நிமிஷம். அரை மணிக்கு ஒருதரம்.

தலை எண்ணுறதும் அப்பவே. "எல்லாரும் வந்தாச்சா"ன்னு கேட்டா "வந்தாச்சு"ன்னு எல்லாரும் கத்துவாங்க, வராதவன் எப்படி வரலைன்னு சொல்லுவான்? ஒண்ணுலேருந்து 34 வரைக்கும் ஆளுக்கு ஒரு எண். வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே வரணும். சோடி சோடியாப் பிரிச்சு விடுங்க, ஒதுங்கப் போனாலும் சோடியாப் போகணும்.

தேவகோட்டை டீச்சர் | அக்டோபர் 7, மாலை 6:40

ரொம்ப நன்றி ஆச்சி. பள்ளியில் 8 மணிக்குக் கூடி, 8:30க்கு பஸ் எடுக்கலாம்னு இருக்கோம்.

கோவிலூரான் | அக்டோபர் 7, மாலை 6:58

8:30க்கு எடுத்தா பத்தே காலுக்கு அடிவாரம், ஏறும்போதே உச்சி வெயில், இறங்கும்போது இடி. ரெண்டும் சேர்ந்து கிடைக்கும்.

கணக்குப் போடுங்க. உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,500 அடி. அடிவாரமே சில நூறு அடி உயரத்தில் இருக்கிறதால ஏற வேண்டியது தோராயமா 1,800 அடி. மலையேறுறவங்க பழைய கணக்கு: சமதரைக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், அதோட ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட. வழி 3 கிலோமீட்டர்னு எடுத்தா 36 நிமிஷமும் 54 நிமிஷமும், மொத்தம் ஒன்றரை மணி. இது பழகிய பெரியவங்க கணக்கு. பள்ளிக் கூட்டத்துக்கு ஒன்றரை மடங்கு: ரெண்டே கால் மணி. ஓய்வுக்கு நாப்பது நிமிஷம். ஆக மூணு மணி நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் குறைவு.

அடிவாரத்தில் 6:30க்கு நடை தொடங்கினா 9:25க்கு உச்சி. திரும்பும் நேரம் 9:45. உச்சியில் இருந்தாலும் சரி, உச்சிக்கு நூறு அடி கீழே இருந்தாலும் சரி, 9:45க்கு முகம் கீழ்ப்பக்கம் திரும்பணும். ஈரப்பாறையில் இறக்கத்துக்கும் ரெண்டரை மணி வைங்க. 12:15க்கு பஸ்.

இந்த நேரத்தை முதல் நாளே பிள்ளைகள்கிட்டயும் பெத்தவங்ககிட்டயும் சொல்லிடணும். மேல நின்னுக்கிட்டு முடிவெடுக்கக் கூடாது. "இன்னும் பத்து நிமிஷம்தான் சார்"னு 34 வாய் கெஞ்சும்போது எந்த வாத்தியாரும் நேர்மையா யோசிக்க முடியாது.

செக்காலைத் தம்பி | அக்டோபர் 7, இரவு 8:30

நாலரைக்கு முன்னாடி பஸ் எடுக்கணும் போல. பெத்தவங்க சண்டைக்கு வருவாங்களே.

பள்ளத்தூர் ஆச்சி | அக்டோபர் 7, இரவு 8:44

திருப்பதிக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்புற ஊரு தம்பி இது.

சிங்கம்புணரிக்காரர் | அக்டோபர் 8, காலை 6:10

காலையில் ஏறினா மழை இருக்காதுன்னு பேசுறீங்க. அக்டோபர் முதல் பாதிக்கு அது சரி. அப்போ வெயில் ஏறி, மேகம் கட்டி, பிற்பகல் மூணுக்கு மேலதான் இடியோட கொட்டும். வடகிழக்குப் பருவமழை சராசரியா அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். தொடங்கிட்டா கணக்கே வேற. கடல் பக்கமிருந்து வர்ற மழை விடியக்காலையிலும் வரும், ராத்திரியிலும் வரும். நீங்க போறது மாசக் கடைசி. அதனால 9:45ங்கிறது மேல்வரம்பு மட்டும்தான். இடிச் சத்தம் எட்டு மணிக்குக் கேட்டா எட்டு மணிக்கே திரும்பணும்.

முந்தின நாள் வானிலை மையத்தோட மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்க. ஆரஞ்சு, சிவப்புன்னா பயணமே வேண்டாம், தள்ளி வைங்க. மஞ்சள்னா அடிவாரக் கோயிலோடயும் கீழ்ப்பாதையோடயும் நிறுத்திக்கலாம். காலையில் அடுத்த மூணு மணி நேரத்துக்கான அறிவிப்பு வரும், அதையும் பாருங்க. மின்னலுக்கு 'தாமினி'ன்னு ஒரு செயலி இருக்கு, நம்மைச் சுத்தி 20, 40 கிலோமீட்டருக்குள்ள மின்னல் விழுந்தாக் காட்டும். ஆனா மலை மடிப்பில் சிக்னல் போயிடும். அங்கே காதுதான் கருவி.

கோவிலூரான் | அக்டோபர் 8, காலை 7:35

ஆமா, அதைச் சேர்த்துக்கணும். சிங்கம்புணரிக்காரர் சொல்றதுதான் சரி.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூணு விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள்ள இடி கேட்டா பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்கு, அப்பவே நாம ஆபத்து வட்டத்தில் நிக்கிறோம். எண்ணிக்கிட்டு நிக்காதீங்க, இறங்குங்க. கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் ஆனாத்தான் திரும்ப ஏறலாம். ஆனா உங்க நேரத்திட்டத்தில் அந்த முப்பது நிமிஷம் இல்லை. அதனால இடி கேட்டா அன்னைக்கு ஏற்றம் முடிஞ்சது.

இறங்க நேரமில்லாம மாட்டிக்கிட்டா: மொட்டைப்பாறையை விட்டு, முகட்டை விட்டு, இரும்புக் கைப்பிடியை விட்டு விலகணும். தனி மரத்தடி கூடாது. பாறை நீட்டிக்கிட்டு இருக்கிற சின்னக் குகை வாசலும் கூடாது. மழைக்கு நல்ல இடம்னு பிள்ளைகள் முதலில் அங்கேதான் ஓடும். மின்னல் பாறையோட முகத்தில் வழிஞ்சு வந்து, வாசலில் நிக்கிற ஆள் வழியாத் தாவும். தாழ்வான இடத்தில், ஒரே மாதிரி உயரமுள்ள புதர்க்காட்டுக்குள்ள, ஆளுக்கு ஆள் பதினைஞ்சு மீட்டராவது தள்ளித் தள்ளி, ரெண்டு பாதத்தையும் சேர்த்துக் குந்தணும். படுக்கக் கூடாது. கும்பலா ஒட்டிக்கிட்டு நின்னா ஒரே இடியில் எல்லாரும். பையை அடியில் போட்டு அதுமேல குந்தலாம். இதெல்லாம் கடைசி வழி, பாதுகாப்புன்னு பேர் வச்சுக்க முடியாது.

அடிபட்டவரைத் தொட்டா ஷாக் அடிக்கும்னு ஒரு பயம் ஊர்ல இருக்கு. அடிக்காது. மூச்சு இல்லைன்னா உடனே மார்பை அமுக்கி உயிரூட்டத் தொடங்கலாம். நாலு பெரியவங்களில் ரெண்டு பேருக்காவது அது கை பழகியிருக்கணும்.

செக்காலைத் தம்பி | அக்டோபர் 8, காலை 9:00

ஷூ? பள்ளி வெள்ளை கேன்வாஸ் போதுமா? பலர் வெறுங்காலோட ஏறுறாங்களே.

சிங்கம்புணரிக்காரர் | அக்டோபர் 8, மதியம் 1:25

வெறுங்காலோட ஏறுறவங்க பாதம் வருஷம் முழுக்க அப்படியே நடந்து பழகின பாதம். பள்ளிப் பிள்ளைக்கு அது கிடையாது. முள்ளும் இருக்கு.

வெள்ளை கேன்வாஸோட அடிப்பகுதி வழுவழுப்பா, கடினமா இருக்கும், ஈரப்பாறையில் சோப்புதான். கறுப்புத் தோல் ஷூ அதைவிட மோசம். விளையாட்டு ஷூவில் அடியைத் திருப்பிப் பாருங்க: நகத்தால் அழுத்தினாக் கொஞ்சம் உள்ளே போகணும், பள்ளங்கள் தேயாம இருக்கணும். புதுசா வாங்கி அன்னைக்குத்தான் போடுறதுன்னா வேண்டாம், குதிகாலில் கொப்புளம் நிச்சயம்.

பாறையைப் படிக்கக் கத்துக்கொடுங்க. மழை வழிஞ்ச தடத்தில் மேலிருந்து கீழா கறுப்புப் பட்டை ஒண்ணு இருக்கும். காஞ்சிருக்கும்போது வெறும் கறை மாதிரிதான் தெரியும், கை வச்சா சொரசொரப்பா இருக்கும். நனைஞ்சதும் அதே இடம் கெண்டை மீன் முதுகு. அது பாசி. பக்கத்திலேயே வெளிறின, உப்புக்கல் மாதிரி மணி மணியா இருக்கிற பாறை நனைஞ்சாலும் காலைப் பிடிக்கும். கறுப்பை மிதிக்காதே, வெளுப்பை மிதி. இந்த ஒரு வரியை பஸ்ஸிலேயே மனப்பாடம் பண்ண வச்சுடுங்க.

இறங்கும்போது சின்ன அடி, முட்டி கொஞ்சம் மடங்கி, பாதம் முழுசும் பதியணும். குதிகாலை ஊனினா பின்னாடி சரியும். செங்குத்தான படியில் பக்கவாட்டில் திரும்பி இறங்கலாம். ஆளுக்கு ஆள் ரெண்டு மீட்டர் இடைவெளி. காலில் பட்டுக் கல் உருண்டா, யார் உருட்டினதுன்னு பாக்காம "கல்லு!"ன்னு கத்தணும். கீழே இருக்கிறவங்க அண்ணாந்து பார்க்கக் கூடாது, பாறையோட ஒட்டிக்கணும்.

தேவகோட்டை டீச்சர் | அக்டோபர் 8, இரவு 9:30

பி.டி. சார் கயிறு கொண்டுவர்றேன்னு சொல்றார். முப்பது மீட்டர்.

கோவிலூரான் | அக்டோபர் 8, இரவு 9:41

எதுக்கு?

கோவிலூரான் | அக்டோபர் 8, இரவு 9:55

கோபமாக் கேக்கலை. கயிறு கையில் இருந்தா, கயிறு இல்லாமப் போகக் கூடாத இடத்துக்கும் போகலாம்னு ஒரு தைரியம் வந்துடும். கயிற்றை எங்கே கட்டுறது, எப்படிப் பிடிக்கிறது, விழுற எடையை எப்படித் தாங்குறதுன்னு பயிற்சி இல்லாதவர் இடுப்பில் சுத்திக்கிட்டா, விழுற பிள்ளை அவரையும் இழுத்துக்கிட்டுப் போகும். வரிசையா ஆறு பிள்ளைகளைக் கட்டினா இன்னும் மோசம். கயிறு தேவைப்படுற பாறை வந்தா, உங்க வழி அங்கே முடிஞ்சது.

அதுக்குப் பதிலா 12க்கு 15 அடி தார்ப்பாய் ரெண்டு, நாலு மீட்டர் நைலான் கயிறு சில துண்டு. மழையில் உட்கார வேண்டிவந்தா எல்லாரையும் மூட அது வேணும். காலொடிஞ்ச பிள்ளையைத் தூக்கவும் அதே தார்ப்பாய்தான், ஓரத்தைச் சுருட்டிப் பிடிக்க ஆறு பேர். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் மாத்தணும். அரை கிலோமீட்டர் தூக்கி இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகும். அதையும் கணக்கில் வச்சுக்கிட்டா 9:45 எதுக்குன்னு புரியும்.

பள்ளத்தூர் ஆச்சி | அக்டோபர் 9, காலை 10:20

மழை மழைன்னு பேசிக்கிட்டே வெயிலை விட்டுட்டீங்க. மழை இல்லாத ஐப்பசி நாளில் புழுக்கம் கோடையைவிடப் படுத்தும். வேர்வை காயாது, உடம்பு ஆறாது.

தண்ணி மணிக்கு அரை லிட்டர், வெயில் ஏறினா முக்கால். ஆளுக்கு ரெண்டு லிட்டர் முதுகில், போகிற வழியில் ஊற்று இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. பஸ்ஸில் 20 லிட்டர் கேன் ரெண்டு நிக்கணும். வெறும் தண்ணியாவே குடிச்சுக்கிட்டு இருந்தா உப்பு இறங்கித் தலைசுத்தும், வாந்தி வரும். பத்து பாக்கெட் ஓ.ஆர்.எஸ். வச்சுக்குங்க. பாக்கெட்டைப் படிங்க: பெரிசு ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்கிக் கொடுக்கிறதைத்தான் எல்லாரும் செய்வாங்க. அது தாகத்தைக் கூட்டி, வயித்தையும் கெடுக்கும். பாக்கெட் இல்லைன்னா ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து. கடையில் அட்டைப் பெட்டியில் விக்கிற பழச் சுவை பானம் இதுக்கு மாத்தாகாது, அதில் சர்க்கரைதான்.

இப்போ டீச்சருக்கு மட்டும். பெண்பிள்ளைகள் தண்ணி குடிக்க மாட்டாங்க. வழியில் ஒதுங்க இடம் இருக்குமோ இருக்காதோன்னு முதல் நாள் ராத்திரியிலிருந்தே குறைச்சுடுவாங்க. பத்து மணிக்கு மயங்கி விழுற பிள்ளை பெரும்பாலும் இதனாலதான். அடிவாரத்தில் கழிப்பறை எங்கேன்னு முன்கூட்டியே பார்த்து வைங்க. வழியில் ரெண்டு இடத்தில் "பையன்கள் முன்னாடி நடங்க, பெண்கள் அஞ்சு நிமிஷம் இங்கே"ன்னு நீங்களே அறிவிச்சுடுங்க. ஒரு பழைய சேலை போதும் மறைப்புக்கு. பேடும், பயன்படுத்தினதைக் கட்டிக் கொண்டுவர ஜிப் பையும் உங்க பையில் இருக்கட்டும், கேட்டு வாங்க வைக்காதீங்க.

செக்காலைத் தம்பி | அக்டோபர் 9, காலை 10:48

"பையன்கள் முன்னாடி நடங்க"ன்னா அது கூட்டத்தைப் பிரிக்கிறது ஆகாதா ஆச்சி? அண்ணன் முதல் பதிவிலேயே கூடாதுன்னாரே!

பள்ளத்தூர் ஆச்சி | அக்டோபர் 9, காலை 11:02

கூப்பிடு தூரம்தான் தம்பி. அடுத்த திருப்பத்தில் நின்னு காத்திருக்கணும், ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பெரியவங்க. வக்கீலுக்குப் படிக்கிறியோ?

பள்ளத்தூர் ஆச்சி | அக்டோபர் 9, காலை 11:30

வெயில் அடி எப்படித் தெரியும்னா: தலைவலி, குமட்டல், நிறைய வேர்வை, ஆனா தெளிவாப் பேசுது, இது சோர்வு. நிழல், கால் உயர்த்தி, சிறுகச் சிறுக ஓ.ஆர்.எஸ். அரை மணியில் தெளியணும். தெளிஞ்சாலும் மேலே ஏத்த வேண்டாம்.

பேச்சு குழறுது, கேட்டதுக்குச் சம்பந்தமில்லாமப் பதில் வருது, தள்ளாடுது, உடம்பு நெருப்பாச் சுடுது, இது உயிர் போற விஷயம். வேர்வை நின்னிருக்கணும்னு இல்லை, வேர்த்துக்கிட்டே இருக்கலாம். முதலில் குளிரவை, பிறகுதான் தூக்கு. இருக்கிற தண்ணி பூரா உடம்பில் ஊத்தி, துண்டால் விசிறணும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு முக்கியம். நினைவு சரியில்லாத பிள்ளை வாயில் ஒரு சொட்டுகூட ஊத்தக் கூடாது.

தேவகோட்டை டீச்சர் | அக்டோபர் 9, இரவு 8:15

சாப்பாடு என்ன கொண்டுபோகலாம்? ஒரு பிள்ளையோட அம்மா சீயம் 100 பண்ணித் தர்றேங்கிறாங்க.

சிங்கம்புணரிக்காரர் | அக்டோபர் 9, இரவு 8:33

சீயம் பஸ்ஸில், போகும்போதே. உள்ளே பூரணத்தில் ஈரம் இருக்கு, புழுக்கத்தில் மதியத்துக்குள்ள ஊசிடும். மேலே கொண்டுபோக: கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம், தேன்குழல். இறங்கி வந்து புளியோதரை. தயிர்சாதம் காலை மூணு மணிக்குக் கட்டினது பன்னிரண்டரைக்கு எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்லை.

மேலே தின்பண்டப் பை திறந்தா குரங்கு வரும். பிளாஸ்டிக் கவர் சரசரக்கிற சத்தமே அதுக்கு அழைப்பு. துணிப்பையில் உள்ளே வைங்க. பிடுங்கினா விட்டுடணும், இழுத்தாக் கடிக்கும். கடிச்சாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைஞ்சு நிமிஷம் ஓடுற தண்ணியில் கழுவி, அன்னைக்கே வெறிநாய்க்கடி ஊசி.

சிங்கம்புணரிக்காரர் | அக்டோபர் 10, காலை 6:25

தேனீயைச் சொல்ல மறந்தா இந்த மலையைப் பத்திப் பேசினதாவே ஆகாது. பாரியோட பறம்பு மலை இதுதான், தேனுக்குப் பேர் போனது. பாறைச் செங்குத்தில் மலைத்தேனீ கட்டியிருக்கான்னு அண்ணாந்து பாருங்க, கறுப்பா அரைவட்டமாத் தொங்கும். அதுக்குக் கீழே பேச்சு கூடாது, புகை கூடாது, கல் எறியவே கூடாது. அன்னைக்கு யாரும் வாசனைத் திரவியம் போட வேண்டாம், மல்லிகைப் பூவும் வேண்டாம்.

கலைஞ்சுட்டா உட்காரக் கூடாது, கை வீசக் கூடாது. துப்பட்டாவோ சட்டையோ முகத்தை மூடி, வந்த வழியிலேயே விலகிப் போகணும். பாறைச் சரிவில் ஓடினா விழுந்து சாவாங்க, அதனால வேக நடை. கொடுக்கை நகத்தாலோ எதாலோ உடனே எடுத்துடணும், எப்படி எடுக்கிறோம்ங்கிறதைவிட எவ்வளவு சீக்கிரம்ங்கிறதுதான் முக்கியம். உதடு, நாக்கு வீங்கினா, மூச்சு இழுத்தா, உடம்பு பூராத் தடிச்சா ஒரு கொட்டே போதும் உயிரை எடுக்க. நேரா ஆஸ்பத்திரி. சிட்ரிசின் மாத்திரை அரிப்புக்குத்தான், இதுக்கு அது காணாது.

கோவிலூரான் | அக்டோபர் 10, காலை 7:10

பாம்பும் சேர்த்துடலாம். மழை தொடங்கினதும் கல் இடுக்கிலிருந்து வெளியே வரும். சுருட்டை விரியன் உள்ளங்கை அகலத்தில் சுருண்டு கிடக்கும், சருகு நிறம். கை வைக்கிற இடத்தைக் கண் முதலில் பார்க்கணும். பாறையைப் பிடிச்சு ஏறும்போது தலைக்கு மேலே தெரியாத விளிம்பில் கையை வைக்கிறதுதான் தப்பு.

கடிச்சா: கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு, ஷூ கழட்டு, வீங்கும். கடிபட்ட கையையோ காலையோ கட்டை வச்சு அசையாமக் கட்டி, பிள்ளையை நடக்க விடாமத் தூக்கி இறக்கு. கடிச்ச நேரத்தைக் கையில் பேனாவால் எழுது. விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும், பாம்பை அடிச்சுக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை.

108க்குப் போன் பண்ணும்போது "பிரான்மலை"ன்னு மட்டும் சொல்லாதீங்க. சிங்கம்புணரி பக்கம், கொடுங்குன்றநாதர் கோயில் வாசல், இத்தனை பேர், இன்ன அடி. கோயில் வாசலில் ஒரு ஆள் நின்னு வண்டியைக் காட்டணும்.

செக்காலைத் தம்பி | அக்டோபர் 10, மாலை 5:05

இதுக்குப் பேசாம கொடைக்கானல் போயிடலாம். குளுகுளுன்னு இருக்கும், தேனீ கிடையாது.

கோவிலூரான் | அக்டோபர் 10, மாலை 5:40

அந்தக் குளுகுளுதான் அங்கே ஆளை அடிக்கும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர். காரைக்குடியில் 32ன்னா அங்கே 18, மழையில் காத்தோட இன்னும் கீழே. நம்ம ஊர்ப் பிள்ளைகிட்ட கம்பளி இருக்காது, பள்ளிக் காட்டன் சட்டை நனைஞ்சா காயவே காயாது. நடுங்குது, பொத்தான் போட விரல் வரலை, சிடுசிடுங்குது, அப்புறம் நடுக்கம் நின்னு தூங்கப் பாக்குது. அந்தக் கடைசிக் கட்டத்தை "பாவம், அசதி"ன்னு விட்டுடுவாங்க. ஈரத்தைக் கழட்டி, காஞ்சதைப் போட்டு, ரெண்டு பேருக்கு நடுவில் உட்கார வச்சு, இனிப்பாச் சுடச்சுட ஏதாவது கொடுக்கணும். ஒவ்வொரு பையிலும் பாலிதீன் கவரில் சுத்தின காஞ்ச சட்டை ஒண்ணு. இது பிரான்மலைக்கும்தான்.

கோடையில் அந்தப் பக்கம் போறதைப் பத்தியும் சொல்லிடறேன். 2018 மார்ச் 11 தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. காஞ்ச புல்லில் தீ மலைச்சரிவில் மேல்நோக்கி ஓடும், மனுசனைவிட வேகமா. அதுக்குப் பிறகுதான் அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தது. வனத்துறையே 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களை, உள்ளூர் வழிகாட்டியோட, இணையத்தில் பதிவு பண்ணிப் போற மாதிரி திறந்தது. பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போறவங்களுக்கு அதுதான் ஒழுங்கான வழி. பிரான்மலையிலும் நீங்க போற பாதை எந்த எல்லைக்குள்ள வருதுன்னு வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிடுங்க. வாய்வார்த்தை வேண்டாம்.

தேவகோட்டை டீச்சர் | அக்டோபர் 12, இரவு 9:50

சொல்லிட்டேன், பி.டி. சார் ஒத்துக்கிட்டார். அவர் கடைசி ஆள். நாலே காலுக்கு பஸ். கயிறு இல்லை. இன்னும் ரெண்டு பெற்றோர் வர்றாங்க, ஒருத்தர் நர்ஸ். கேள்வி: யார் வரலாம், யார் வேண்டாம்னு எப்படி முடிவு பண்றது? எல்லாருக்கும் ஆசை.

பள்ளத்தூர் ஆச்சி | அக்டோபர் 13, காலை 6:50

குன்றக்குடிப் படி இருக்கவே இருக்கு. ஒரு மாலை அங்கே கூட்டிட்டுப் போய், அன்னைக்குப் போடப்போற ஷூவோட, ரெண்டு லிட்டர் தண்ணி முதுகில் வச்சு மூணு தடவை ஏறி இறங்க வைங்க. இறக்கத்தில் முட்டி நடுங்குறது, மூச்சு இழுக்கிறது, ஷூ கடிக்கிறது எல்லாம் அங்கேயே தெரிஞ்சுடும். அப்படியே முருகனையும் பார்த்த மாதிரி.

பெத்தவங்ககிட்ட வாங்குற கடிதத்தில் "சம்மதம்"னு மட்டும் இருக்கக் கூடாது. வீசிங், வலிப்பு, சர்க்கரை, இதயக் கோளாறு, ஒவ்வாமை, தினம் எடுக்கிற மாத்திரை, தனித்தனிக் கேள்வியா இருக்கணும். இல்லைன்னா "நல்லா இருக்கான்"னு ஒரே வரி எழுதிடுவாங்க. வீசிங் பிள்ளையோட இன்ஹேலர் அந்தப் பிள்ளையோட சட்டைப்பையில், உங்க பையில் வேண்டாம். முந்தின ரெண்டு நாளில் காய்ச்சலோ வயித்துப்போக்கோ இருந்தா கண்டிப்பா வீட்டில். அழும். அழட்டும்.

கோவிலூரான் | அக்டோபர் 13, காலை 8:15

ஆறு பெரியவங்க ஆயிட்டதால பி.டி. சார் மறுபடியும் "இப்போ பிரிக்கலாமே"ம்பார். எண்ணிக்கைக்குச் சரி, ஆனா வழி தெரிஞ்சவர் ஒருத்தர்தானே இருக்கார்? ரெண்டு கூட்டம்னா ரெண்டு வழிகாட்டி, ரெண்டு முதலுதவிப் பை, ரெண்டு தார்ப்பாய். அது இல்லாதவரை ஒரே கூட்டம்தான். கூடுதலா வந்த ரெண்டு பேரை நடுவில் போடுங்க, ஒருத்தர் 12ஆவது பிள்ளைக்குப் பின்னாடி, ஒருத்தர் 24க்குப் பின்னாடி. எல்லாருக்கும் ஒரு விசில். ஆபத்துன்னா ஒரு நிமிஷத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடி ஆறு. கேட்டவங்க பதில் நிமிஷத்துக்கு மூணு. பிள்ளைகள் சும்மா ஊதினா விசிலைப் பிடுங்கிடுங்க.

பாதி வழியில் திரும்ப வேண்டிய பிள்ளை வந்தா: ஒரு பெரியவர், அந்தப் பிள்ளை, அவளோட சோடி, மூணு பேர் சேர்ந்து இறங்கணும். ரெண்டு பேரா அனுப்பாதீங்க. ரெண்டாவது பிள்ளையும் திரும்பணும்னா எல்லாருமே திரும்பிடுங்க, அதுக்கு மேலே இறக்கி அனுப்ப உங்ககிட்ட ஆள் இல்லை.

சிங்கம்புணரிக்காரர் | அக்டோபர் 13, காலை 9:05

பஸ் டிரைவர் நம்பரை ரெண்டு பேர் வச்சுக்குங்க. பிள்ளைகள் ஏறினதும் அவர் வண்டியைப் பூட்டிட்டு டீ குடிக்க சிங்கம்புணரிக்குப் போயிடுவார், தண்ணி கேனும் மாத்துத் துணியும் உள்ளே இருக்கும். 6:30லிருந்து வண்டி அடிவாரத்திலேயே, முகப்பு ரோட்டைப் பார்த்து நிக்கணும்னு வாடகை பேசும்போதே சொல்லிடுங்க. டீயை நீங்களே பிளாஸ்க்கில் கொண்டுபோய்க் கொடுத்துடுங்க.